கடல் பார்த்த கண்ணாடி அறை

மாணவியர் விடுதி, நாமக்கல்
16.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு யாழினி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் விட்டதா? கடற்கரையில் வேலை என்றால் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்ளும்படி அம்மா சொல்லியிருப்பாள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஃபோன் கிடையாது என்று சேரும்போது சொன்னார்கள். சும்மா மிரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கலாம். மற்றபடி கடிதம்தான். நாங்கள் எழுதுவதையும் எங்களுக்கு வருவதையும் வார்டன் மேடம் படித்த பிறகுதான் தருவார். ஆகவே இங்கே சாம்பார் மிக நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறேன்.

பக்கத்துக் கட்டில் அறிவுமதி நம் மல்லசமுத்திரம் பக்கம்தான். "உங்கப்பா என்ன வேல செய்யறாரு?" என்று கேட்டாள். கண்ணாடி அறை கட்டுகிறார் என்றேன். கடலோர வீடுகளில் கடலைப் பார்த்த பக்கத்தில், வெளிச்சம் வரவேண்டும், காற்றும் மணலும் வரக்கூடாது என்று சுவரும் கூரையும் கண்ணாடியிலேயே செய்துகொடுப்பார் என்று விளக்கினேன். "மல்லசமுத்திரத்துல ஏது கடலு?" என்கிறாள். நீங்களும் அம்மாவின் தம்பி நவீன் மாமாவும் சட்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மரக்காணம் வரை போவதைச் சொன்னேன். அவள் நம்பும்படி ஒரு படம் வரைந்து அனுப்புங்கள்.

சேந்தமங்கலத்தில் மாமா வீட்டுத் தனப்பிரியா அத்தையையும் பாப்பாவையும் கேட்டதாக மாமாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
யாழினி


மரக்காணம்
7.7.2024

அன்பு மகள் யாழினிக்கு அப்பா குணசீலன் எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தை அம்மா கொடுத்தனுப்பினாள். இருமல் குறைந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தலைவலி வந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள், கழற்றி வைக்காதே.

இப்போது செய்கிற வீட்டில் வயதான கணவன் மனைவி இரண்டு பேர்தான். காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி. மூன்று பக்கமும் தள்ளுகதவு, மேலே கண்ணாடிக் கூரை. இங்கே மழையையும் வெயிலையும் சமாளித்துவிடலாம். உப்பைத்தான் முடியாது. மூன்று நாள் துடைக்காமல் விட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அலுமினியச் சட்டம் தாங்கும். சட்டத்தைச் சுவரோடு பிடிக்கிற போல்ட்தான் முக்கியம். ஊரில் போடுகிற சாதாரண போல்ட் இந்தக் காற்றில் ஒரு வருஷத்தில் துருவேறி மாவாகிவிடும். கடலோரத்துக்கென்று தனி ரகம் இருக்கிறது, கோயம்புத்தூரில் சொல்லி வரவழைக்க வேண்டும். அதைப் போட்டால் இருபது வருஷம் அசையாது.

படம் மாமா வரைந்தது. கீழே அவனும் எழுதியிருக்கிறான்.

அன்புடன்,
அப்பா

அம்மிணி, மாமன் எழுதறேன். உங்கப்பா என்னையக் கூரை மேல ஏத்தி உட்டுட்டுக் கீழ நின்னுக்கிட்டு எடது, வலதுன்னு சொல்றாரு. நல்லதுதான். மேலருந்து பாத்தா கடலு மொத்தமும் எனக்குத்தான் தெரியுது. நீ நல்லாப் படி சாமி.


விடுதி
18.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வேதியியலில் உலோகங்கள் அரிப்பது பற்றிப் பாடம் நடந்தது. எடுத்துக்காட்டு கேட்டார்கள். எழுந்து நின்று, கடலோர வீட்டில் அலுமினியச் சட்டத்தைச் சாதாரண இரும்பு போல்ட் வைத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். எங்கே படித்தாய் என்றார் ஆசிரியர். அப்பா கடிதத்தில் என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இதவிட நல்ல உதாரணம் புத்தகத்துல இல்ல" என்றார்.

கணக்கில் அப்படி இல்லை. மாதத் தேர்வுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அறுபது பேரில் நாற்பத்தொன்று. இரவுப் படிப்பு வகுப்பில் நாற்பதுக்குக் கீழே போனவர்கள் நின்றுகொண்டே படிக்க வேண்டும். கால் வலிக்கவில்லை. வார்டன் மேடத்துக்காக இதை எழுதவில்லை, நிஜமாகவே வலிக்கவில்லை.

வரும் ஞாயிறு நீங்களும் வாருங்கள்.

யாழினி


மரக்காணம்
29.9.2024

அன்பு மகளுக்கு,

அப்பா வர முடியவில்லை என்று கோபமா? அம்மாவும் மாமாவும் வந்தார்களே. வார்டன் மேடத்தையே சிரிக்க வைத்துவிட்டதாக மாமா பீற்றிக்கொள்கிறான்.

நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்றுதான். அதற்காக நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

மழைக்கு முன் முடித்துக்கொடுங்கள் என்று எல்லா வீட்டிலும் அவசரம். ஒரு வீட்டில் கண்ணாடி ஏற்றும்போதே அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இரண்டு பேர் செய்கிற வேலை இல்லை இது. போன வருஷம் செய்த மஞ்சள் வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் மாமா, "மச்சான், அஞ்சு நிமிசம் நிறுத்துங்க, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்லாம்" என்கிறான். எனக்கு எங்கே நேரம்? தீபாவளி கழியட்டும் என்றிருக்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே.

அப்பா


விடுதி
1.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கே இருக்கிறீர்கள்? சுகமாக இருக்கிறீர்களா? அதை மட்டுமாவது உடனே எழுதுங்கள். நேற்றிலிருந்து இங்கே மழை நிற்கவில்லை. மரக்காணம் பக்கம்தான் புயல் கரையைக் கடந்தது என்று மெஸ் அக்கா சொன்னார். வார்டன் மேடத்திடம் ஒரே ஒரு ஃபோன் கேட்டேன். "ஒருத்திக்குக் குடுத்தா அறுவது பேருக்கும் குடுக்கோணும்" என்றார். பிறகு அவரே அம்மாவிடம் பேசிவிட்டு வந்து, "உங்கப்பா ஊட்லதான் இருக்காரு, போய்ப் படி" என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் உங்கள் எழுத்தில் பார்க்க வேண்டும்.

மாமாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுங்கள், நீங்கள் படிக்க வேண்டாம்.

யாழினி


மல்லசமுத்திரம்
8.12.2024

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா, அம்மா, மாமா மூவரும் நலம். புயலுக்கு இரண்டு நாள் முன்பே ஊர் திரும்பிவிட்டோம். நீ பயந்துபோயிருப்பாய் என்று அம்மா சாப்பிடவே இல்லை.

நாம் செய்த அறைகளில் ஒன்றுக்கும் சேதமில்லை என்று ஃபோன் வருகிறது. மஞ்சள் வீட்டில் மட்டும் கூரை ஓரத்தில் தண்ணீர் இறங்குகிறதாம், காற்றடித்தால் சட்டம் சத்தம் போடுகிறதாம். செவ்வாய்க்கிழமை நானும் மாமாவும் போய்ப் பார்க்கிறோம்.

உன் தாளைக் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்னவென்று கேட்டதற்கு, "அது எங்களுக்குள்ளங்க மச்சான்" என்கிறான். பதில் எழுதுவான்.

அரையாண்டுத் தேர்வைப் பதறாமல் எழுது.

அப்பா


விடுதி
5.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை.

கடைசி ஞாயிறு அம்மா தனியாக வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "கண்ணு நோவு சாமி, எல்லாத்துக்கும் வருது" என்றாள். நான் கணக்கில் இருபத்தேழாவது வந்ததைச் சொன்னேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னேன் என்று அவளுக்குக் காதில் விழுந்த மாதிரி இல்லை.

மாமா ஏன் இன்னும் பதில் போடவில்லை? அந்தத் தாளில் ஒன்றும் ரகசியமில்லை. எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம், வேதியியல் படிக்கிறேன், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னதில் நீங்கள் கோபித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சண்டையா? அப்படியென்றால் நான் டாக்டருக்கே படிக்கிறேன். சண்டை வேண்டாம்.

யாழினி


மல்லசமுத்திரம்
12.1.2025

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். வேலை இருந்ததால் எழுத முடியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. உனக்குப் பிடித்ததைப் படி.

மாமா ஊருக்குப் போய்விட்டான். அதனால் எழுத முடியவில்லை.

பொங்கலுக்கு நான் வர முடியாது. அம்மா வருவாள். பரீட்சையைத் தவிர வேறு எதையும் நினைக்காதே.

அப்பா


23.2.2025

அப்பாவுக்கு,

இதை அறிவுமதியின் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். வார்டன் மேடம் படிக்கவில்லை.

பொங்கல் மறுநாள் அம்மா வந்தபோது பழைய சேலையில் வந்தாள். எந்தப் பொங்கலுக்கும் மாமா கரும்பும் சேலையும் எனக்குப் பாவாடைத்துணியும் சீர் கொண்டுவராமல் இருந்ததில்லை. "மாமன் சீர் வரலியா?" என்று கேட்டேன். அம்மா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். போனவள் குழாயடியில் கால் மணி நேரம் நின்றாள். அன்றிலிருந்து இரண்டு கடிதம் எழுதினேன். மாமா எந்த ஊருக்குப் போனார் என்று இரண்டிலும் கேட்டேன். நீங்கள் பதில் போடவில்லை.

இன்று அறிவுமதியின் அம்மா எனக்குப் பூ வைத்துவிட்டு, "மாமனுக்குப் புண்ணியம் உண்டு சாமி, அழுவாதே" என்றார். நான் அழவே இல்லை. எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே. பாவம், சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது. நான் விடாமல் கேட்டதில் மாமா இறந்துபோனதைச் சொன்னார்.

டிசம்பர் பத்தாம் தேதி. மஞ்சள் வீடு. எழுபத்தைந்து நாள் ஆகிறது. இந்த எழுபத்தைந்து நாளில் நான் எத்தனை முறை சிரித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. என் பரீட்சை அவ்வளவு பெரிதா?

அதைக்கூட விடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். புயல் சட்டத்தை ஆட்டிவிட்டது, அதனால் விழுந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். மற்ற வீடுகளும் அதே புயலில்தான் நின்றன. அந்த அறை கட்டி அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. சரியான போல்ட் இருபது வருஷம் அசையாது என்று எழுதியது நீங்கள்.

அந்த வீட்டில் எந்த போல்ட் போட்டீர்கள் அப்பா?

யாழினி


மல்லசமுத்திரம்
26.2.2025

யாழினிக்கு,

வார்டன் மேடம் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

சாதாரண போல்ட்தான் போட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரை. அந்த வீட்டில் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். சட்டம், கண்ணாடி எல்லாம் வந்துவிட்டது. கோயம்புத்தூர் பார்சல் வரவில்லை. மாமா சொன்னான், "மச்சான், கடலுக் காத்துக்கு இது நிக்காதுங்க. பொறுத்துக்கலாம். விசேசத்த அவிங்க ஊட்டு முன்பக்கத்துல வெச்சுக்கட்டும்." வீட்டுக்காரர் மனைவி வந்து, "சொந்தக்காரங்க எல்லாம் இந்த ரூமைப் பார்க்கத்தான் வர்றாங்க" என்றார். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வண்டியில் கிடந்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். "இப்போதைக்கு மாட்டு, வைகாசில வந்து மாத்திக்கலாம்" என்றேன். மாமா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு மாட்டினான்.

வைகாசியில் வேறு வீடு. அப்புறம் இன்னொரு வீடு. பெயின்டுக்கு அடியில் அது என்ன ஆகிறது என்று வெளியே தெரியாது. அவன்தான் மறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அன்று கூரை ஓரத்தைப் பார்க்க அவன் ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன். ஏணியை விட்டுச் சட்டத்தில் கால் வைத்தான். சுவரோரம் மொத்தமாகக் கழன்று வந்தது. கண்ணாடியோடு அவனும் வந்தான். என் கையில் ஏணி மட்டும் நின்றது. பாண்டிச்சேரி போகும்வரை ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நினைவு இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, புயல் ஆட்டிவிட்டது என்று என் வாயில் வந்தது. போலீசிலும் அதையே சொன்னேன். உன் அம்மாவிடமும் அத்தையிடமும் அதையேதான் சொன்னேன். இன்றுவரை அவர்களுக்கு வேறு தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னது உன் பரீட்சைக்காக. நான் சரியென்றது அதற்காக இல்லை. நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட எனக்கு உரிமையில்லை.

குணசீலன்


விடுதி
9.3.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டன் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டுத்தான் கொடுத்தார். நான் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தண்ணீர் கொடுத்தார். "நாளைக்குப் பரீட்சைக்கு ஒரு ஹால் டிக்கெட், ரெண்டு பேனா. அவ்வளவுதான் உங்கையில இருக்குது கண்ணு" என்றார்.

தமிழும் ஆங்கிலமும் எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று தெரியவில்லை.

உங்களை வெறுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஆறுதல் சொல்லி எழுதப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. மாமா ஒரு நிமிஷம் உங்களைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே நின்றுவிடுகிறேன். அதற்கு மேல் மனசு நகரவில்லை.

அத்தைக்குத் தெரியாது என்கிறீர்கள். இப்போது எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் சேந்தமங்கலம் போனால் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழும். அப்போது நான் என்ன செய்வது? உங்களுக்காக மறைக்கவும் என்னால் ஆகாது, அத்தையிடம் சொல்லவும் என்னால் ஆகாது. எனக்குப் பதினேழு வயதுதான் அப்பா.

எனக்கு எழுதியதை அத்தையிடம் சொல்லுங்கள். கடிதமாக வேண்டாம். நேரில் போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 25ஆம் தேதி என்னைக் கூட்டிப்போக வராதீர்கள்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடுங்கள்.

யாழினி


மல்லசமுத்திரம்
20.3.2025

அன்பு மகள் யாழினிக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்குத் தைலம் வாங்கி வைத்தேன். இன்னும் தொடவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே கிளம்பினேன். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். நேற்று முன்தினம் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் முறத்தில் வைத்திருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகும் புடைத்துக்கொண்டே இருந்தாள். "போயி அவகிட்டச் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. வேளைக்குச் சோறு மட்டும் வைக்கிறாள்.

நேற்றுக் காலை போனேன். தனப்பிரியா பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். "வாங்கண்ணா, அண்ணி வல்லீங்களா?" என்று எழுந்தாள். உட்காரச் சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதில் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவன் பொறுத்துக்கலாம் என்று சொன்னதையும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். கல்லை எடுத்து எறிந்தால்கூட நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன். அவள் சோற்றுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அண்ணா, அந்தக் கோயமுத்தூரு பார்சலு அப்பறம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு அம்மிணி."

"எத்தன நாள் கழிச்சுங்க?"

"ஆறு நாள்."

"ஆறு நாளு" என்றாள். எனக்குச் சொல்லவில்லை, பாப்பாவுக்கும் சொல்லவில்லை. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டோடு உள்ளே போனாள். உள்ளே ஊட்டும் சத்தம் கேட்டது. "ஆ காட்டு சாமி, இன்னொரு வாய்" என்றாள். பிறகு தட்டைக் கழுவினாள். நான் வாசலிலேயே நின்றேன். பன்னிரண்டரை பஸ்ஸும் போயிற்று, இரண்டு மணி பஸ்ஸும் போயிற்று. அவள் வெளியே வரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கத் திங்கட்கிழமை மரக்காணம் போகிறேன். அங்கே என்ன ஆகும் என்று தெரியாது. என்னைத் திரும்ப விட்டால் 25ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு விடுதி வாசலுக்கு வருகிறேன். என்னோடு வர மனமில்லையென்றால் வார்டன் மேடத்திடம் சொல், அம்மா வந்து கூட்டிக்கொள்வாள். எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய்.

மீதிப் பரீட்சைக்கு இரண்டு பேனா எடுத்துக்கொண்டு போ சாமி.

அப்பா